அண்ணாச்சி என்பது பெயரில்லை

1

முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் என்னை ஒரு மரப் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். என்னோடு ஒன்பது வருஷமாக நடக்கிறவர்களிடம் போலீஸ்காரர் என் முழுப்பெயரைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். அதற்காக ஊரில் இருக்கிற நீங்கள் யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு, அதற்குப் பிறகும் தோன்றினால் கொட்டுங்கள்.

நான் இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஒரு சிற்றூர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செவ்வாய்தோறும் பதினொரு பேர் கூடி, ஊருக்கு வடக்கே கடலை ஒட்டிய காட்டுப் பாதையில் நடக்கிறோம். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒரு பக்கம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மரங்கள், மறுபக்கம் பாறையில் மோதுகிற குளிர்ந்த கடல். நடப்பதற்கென்று தனி ஜோடு, தனிச் சட்டை, இரண்டு கைக்கும் இரண்டு கம்பு. எங்கள் ஊர்ப்பக்கம் ஒருத்தன் இப்படிக் கிளம்பினால், இவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

அன்றைக்குப் பாதி தூரம் போயிருப்போம். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியது. ஒரு வளைவைத் திரும்பினால் பாதைக்குக் குறுக்கே மஞ்சள் நாடா, இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு நாய். கைதி ஒருவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் தப்பி இந்தக் காட்டுக்குள் புகுந்துவிட்டானாம். இதற்கு மேல் போகக் கூடாது, பெயரைப் பதிந்துவிட்டுத் திரும்பிப் போங்கள் என்றார்கள். தேடப்படுகிறவன் பழுப்பு நிறத்தவன், நரைத்த தாடி, நடுத்தர உயரம். எங்கள் பதினொரு பேரில் இந்த மூன்றும் உள்ளவன் நான் ஒருவன்தான்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று என்னைக் கேட்டார் இளைய போலீஸ்காரர்.

இந்த நாட்டில் இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான். கடைக்காரர் கேட்டிருக்கிறார், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கிறார். பழக்கதோஷத்தில் "இந்தியா" என்றேன். அவர் கேட்டது, காட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள் என்று. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். அதில் என் குடும்பப் பெயர் தேவசகாயம் என்று இருக்கிறது. தேவசகாயம் என் அப்பா. நாசரேத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து காலமானவர். என் பெயர் ஜெபராஜ். ஊரில் 'தே. ஜெபராஜ்' என்று ஓரெழுத்தில் முடிந்த விஷயம், பாஸ்போர்ட்டுக்காக அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னபோது பிடித்த சனியன் இன்னும் விடவில்லை. இங்கே பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் வரி ஆபீஸிலும் 'மிஸ்டர் தேவசகாயம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

நடைக் கோஷ்டிக்கு நான் 'ஜெப்'. போலீஸ்காரர் கோஷ்டியில் மூத்தவளான மார்கரெட்டைத் தள்ளி அழைத்துப்போய், "இவருடைய முழுப்பெயர் என்ன?" என்று கேட்டார். மார்கரெட் நல்ல மனுஷி. எனக்கு மூட்டு வலி வந்தபோது தைலம் வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்தவள். "ஜெப்" என்றாள். அதற்கு மேல்? அவள் மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் தங்கள் ஜோட்டைப் பார்த்தார்கள். "ராஜ் என்று முடியும் என நினைக்கிறேன்" என்றாள். அட்டையில் இருந்ததோ தேவசகாயம். கொஞ்சம் இப்படி வந்து உட்காருங்கள் என்று என்னைப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள்.

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. போலீஸுக்குப் பயந்து அல்ல. அந்தக் கேள்வி என் காதில் விழுவது இரண்டாவது தடவை. முதல் தடவை, பதில் சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன்.

2

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த சமயம். தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஒருவரின் ஆபீஸில் நான் கிளார்க். கூட வேலை பார்த்தவர்கள் அந்தோணியும் சுடலைமுத்துவும். அந்தோணி கடற்கரைக்காரன். சுடலைமுத்து விளாத்திகுளம் கரிசல்காட்டிலிருந்து வந்தவன், கடலைப் பார்த்தால் அப்போதும் வாயைப் பிளப்பான். மூன்று பேருக்கும் கலியாணம் ஆகவில்லை. மாசி மாதம் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோடு மணப்பாடு வரை நடப்பது, அங்கிருந்து தேரிக்காட்டைக் குறுக்கே கடந்து சாத்தான்குளத்தில் பஸ் ஏறுவது. இதுதான் திட்டம். யோசனை என்னுடையது. எந்தக் கப்பலிலோ வந்த மாலுமி ஒருவன், தன் ஊரில் லீவு விட்டால் இப்படித்தான் நடப்போம் என்று சொல்லியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கம் நடப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு நடப்பார்கள், உவரிக்கு நேர்ந்துகொண்டு நடப்பார்கள். வழியெல்லாம் கேட்டார்கள்.

"எந்தக் கோயிலுக்குப்பா?"

"கோயிலுக்கு இல்ல. சும்மா நடக்கோம்."

"சும்மாவா? பஸ்ஸுதான் போகுதுல்லா?"

சும்மா என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு புன்னைக்காயலில் ஆற்றைக் கடந்தோம், காயல்பட்டினத்தில் டீ குடித்தோம், திருச்செந்தூர் சத்திரத்தில் படுத்தோம். எல்லோரும் சிரித்தார்கள், எங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

குலசேகரன்பட்டினத்து டீக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, போலீசு தேடுதாவ. மதராசுல காவல்ல இருந்து ஒருத்தன் தப்பிச்சு இந்தப் பக்கம் வந்திருக்கானாம். தோணி ஏறிக் கொழும்புக்குப் போகப்போறான்னு துப்பாம். ரெண்டு நாளா ஒரு தோணியையும் இறக்க விடல. காட்டுக்குள்ள யாரப் பாத்தாலும் பிடிக்காவ. பேசாம பஸ் ஏறிப் போயிருங்க" என்றார்.

"நாங்க ஹார்பர் ஆபீஸ்காரங்க அண்ணாச்சி. எங்கள யாரு பிடிப்பா?" என்றேன் நான். அந்தத் திமிர் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. சட்டைப்பையில் போட்டோ ஒட்டிய துறைமுகப் பாஸ் இருந்தது, அந்தத் தைரியம்.

தேரி என்றால் செம்மணல் மேடு. மைல் கணக்கில் சிவப்பு மணல், இடையிடையே பனை, உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி. மணப்பாட்டிலிருந்து காலையில் அதற்குள் இறங்கினோம். காற்று அடித்தால் காலடி அழிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. உச்சி வெயிலுக்குள் கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்தது. ஒரே கொல்லாமரத்தை மூன்று தடவை பார்த்த பிறகு சுடலைமுத்து உட்கார்ந்துவிட்டான். "என் உசுரு போனா எங்க அம்மைக்கு நீதான்லே பதில் சொல்லணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான்.

அப்போது கருவாட்டு நாற்றம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஆளும் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலையில் ஓலைக் கடகம், அதில் மணப்பாட்டில் வாங்கிய கருவாடு. தேரியைக் கடந்து அந்தப் பக்கத்து ஊர்களில் கொண்டுபோய் விற்கிறவர்.

"யாருலே அது? வழி தெரியாம வந்துட்டியளா?"

"ஆமா அண்ணாச்சி" என்றோம் மூன்று பேரும்.

இடுப்பில் கட்டியிருந்த சுரைக்குடுக்கைத் தண்ணீரை எங்களுக்குக் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொருவனாகக் கேட்டார். பேரு என்ன, எந்த ஊரு, அப்பா பேரு என்ன. கேட்டதோடு விடவில்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரித் திருப்பிச் சொன்னார். "நீ தூத்துக்குடி பிச்சையா மவன் அந்தோணி. நீ விளாத்திகுளம் மாடசாமி மவன் சுடலமுத்து. நீ நாசரேத்து தேவசகாயம் சார்வாள் மவன் ஜெபராஜு." அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் பெயரை மாற்றிச் சொல்லவில்லை.

நாங்கள் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மூத்த ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அண்ணாச்சிதான். மளிகைக்கடைக்காரர் அண்ணாச்சி, பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுக்கிறவர் அண்ணாச்சி. பெரியவர்களிடம் பெயர் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இப்படித்தான் நான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார், வழி காட்டினார், எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

தேரி ஓரத்தில் தனியாக இருந்தது அவர் வீடு. அவர் மனைவியை மதினி என்று கூப்பிட்டோம். கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். முகம் சுளிக்காமல் மூன்றாந்தரம் போட்டாள். மறுநாள் அண்ணாச்சி விற்பனைக்குப் போகவில்லை. தேரிக்கு நடுவில் வற்றாத சுனை ஒன்று இருக்கிறது, இவ்வளவு தூரம் நடந்து வந்த பிள்ளைகள் அதைப் பார்க்காமல் போகக்கூடாது என்று கூட்டிப்போய்க் காட்டினார். சும்மா நடக்கிறோம் என்பதைக் கேட்டு வழியில் ஆச்சரியப்படாத ஒரே ஆள் அவர்தான். "நல்லதுதானலே. காலு இருக்குல்லா" என்றார்.

அதற்கடுத்த நாள் காலையில் கிளம்பும்போது, "நானே சாத்தாங்குளம் ரோட்டுல கொண்டு விடுதேன்" என்று கடகத்தை எடுத்தார்.

மதினிக்குப் பிடிக்கவில்லை. "போலீசு திரியுதாம். நீங்க எதுக்குப் போறிய? பாதையச் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

"பாதையச் சொன்னா இவனுவ நேரா கொழும்புக்குத்தான் போவானுவ" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

3

தேரி முடிந்து வண்டிப்பாதை தொடங்குகிற இடத்தில் ஜீப் நின்றது. வெளி ஜில்லாவிலிருந்து வந்த தனிப்படை. இன்ஸ்பெக்டர் பேச்சிலேயே தெரிந்தது நம்ம பக்கம் இல்லை என்று. உள்ளூர் ஆள் என்று ஏரலைச் சேர்ந்த ஏட்டு ஒருவர் வழிகாட்டக் கூட வந்திருந்தார்.

"இந்தக் காட்டுல எதுக்குய்யா நடக்கிறீங்க?"

"சும்மா சார்" என்றான் சுடலைமுத்து. வழியெல்லாம் சிரிப்பை வாங்கித் தந்த அந்தச் சொல்லுக்கு அங்கே கன்னத்தில் ஓர் அறை கிடைத்தது.

நான் பாஸை எடுத்து நீட்டினேன். போட்டோ, முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்தார். எங்களை விட்டுவிட்டார். அண்ணாச்சியிடம் என்ன இருக்கும்? கடகமும் கருவாடும்தான்.

இன்ஸ்பெக்டர் முட்டாள் இல்லை. அண்ணாச்சியை ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ கேட்டார், கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டார். பிறகு எங்களிடம் வந்தார். "உங்க ஆளுதானே? ரெண்டு நாளா கூட இருக்கீங்க, அவர் வீட்டுல சாப்பிட்டிருக்கீங்க. பேரைச் சொல்லுங்க. அவர் சொன்னதும் நீங்க சொல்றதும் ஒண்ணா இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போங்க."

அவ்வளவு சுலபமான கேள்வி. நான் அந்தோணியைப் பார்த்தேன். அந்தோணி சுடலைமுத்துவைப் பார்த்தான். சுடலைமுத்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்தான்.

"அண்ணாச்சி சார்" என்றேன்.

"என்னது?"

"நாங்க... அண்ணாச்சின்னுதான் சார் கூப்பிடுவோம்."

இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து ஏட்டிடம் காட்டினார். தப்பி வந்தவனுக்கு மதராசில் கூட்டாளிகள் வைத்திருந்த பட்டப்பெயர் அண்ணாச்சி. தெற்கத்திக்காரனை அங்கே வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? போட்டோ கிடையாது, வயது ஐம்பது, பெயர் அண்ணாச்சி. அவ்வளவுதான் அந்தத் தாளில் இருந்தது.

ஏரல்காரர் தைரியமாகச் சொல்லிப் பார்த்தார். "ஐயா, இங்கன எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாவ. என்னையே ஊருல அண்ணாச்சின்னுதான்..."

"உம்மைக் கேட்டனா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணாச்சியை ஜீப்பில் ஏற்றும்போது அவருக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. நாங்கள் பெயரைச் சொல்லியிருப்போம், ஏதோ எழுத்துப் பிசகு என்று நினைத்திருப்பார் போல. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏலே ஜெபராஜு, நீ படிச்ச புள்ள. நான் யாருன்னு நல்லா வெளங்கச் சொல்லுலே."

நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. "அவுக வீடு பக்கத்துலதான் சார், ரெண்டு மைல்தான்" என்று ஆரம்பித்தேன். "நீயும் ஏறுறியா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பாஸ் அவர் கையில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். இதை இன்றைக்கு மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது? வேலைக்குத்தான் பயந்தேன். பேசாமல் கையை நீட்டிப் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஜீப் போய்விட்டது. கடகம் மணலில் கிடந்தது. காக்காய் வந்து உட்கார்ந்தது.

இரண்டு மைல் திரும்பிப் போய் மதினியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தோணி சொல்லவும் செய்தான். "போயிச் சொல்லிருவம்டா" என்றான். "போனா நம்மளையும் பிடிப்பான். ஊருக்குப் போயி யாரு மூலமாவது சொல்லிக்கிடலாம்" என்றேன் நான். யோசனை என்னுடையது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன் அல்லவா, இதுவும் என்னுடையதுதான். சாத்தான்குளத்தில் பஸ் ஏறினோம். யார் மூலமாகவும் சொல்லவில்லை.

4

பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம், என்னை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். மகள் சாராவின் நம்பரைக் கொடுத்தேன். போனில் அவளிடம் என் குடும்பப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அவள் "ஜெபராஜ்" என்றிருக்கிறாள். அவள் இங்கே பிறந்தவள். நம் வழக்கப்படி அப்பா பெயரை அவள் பெயருக்குப் பின்னால் போட்டேன். அவளுக்குக் குடும்பப் பெயர் நான், எனக்குக் குடும்பப் பெயர் என் அப்பா. இதை அந்த இளைய போலீஸ்காரருக்கு விளக்க இருபது நிமிஷம் பிடித்தது. நடுவில் எனக்குக் குளிருமே என்று ஒரு காபி கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் மன்னிப்புக் கேட்டுக் கையைக் குலுக்கி அனுப்பினார். தேடப்பட்டவன் அன்று மதியமே வேறு பக்கம் பிடிபட்டான்.

சாரா காரில் கூட்டிப்போனாள். கொதித்துக்கொண்டிருந்தாள். "நீங்க கம்ப்ளெயின்ட் பண்ணணும் அப்பா. அதோட அவங்கள்லாம் ஃப்ரெண்ட்ஸா? ஒன்பது வருஷம்! உங்க பேர்கூட தெரியலை!"

"அவங்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாதும்மா" என்றேன். ஏன் என்றாள். சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் முழுவதையும் சொன்னேன். அவள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. சாராவின் தமிழ் வீட்டுச் சமையலறையைத் தாண்டாதது. கூர்ந்து கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் கேட்டாள்.

"அண்ணாச்சிங்கறது அவரோட ஃபர்ஸ்ட் நேமா, லாஸ்ட் நேமா?"

"அது பேரே இல்லம்மா. எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"ஓ. அப்ப அவர் பேரு என்ன?"

கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. நான் என் பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் மறந்துவிட்டார், வயதாகிவிட்டது என்று முதலில் நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு புரிந்துகொண்டாள். வாசலில் இறக்கிவிட்டு, "சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று மறுபடி செவ்வாய்க்கிழமை. மார்கரெட் ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். பதினொரு பேரின் முழுப்பெயர், அதை எப்படி உச்சரிப்பது, ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது. என் பெயருக்கு எதிரே இடம் காலியாக விட்டு, என்னையே எழுதச் சொன்னாள். எழுதினேன். பிறகு பத்துப் பேரும் மழையில் தொப்பியோடு நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சொல்லிப் பழகினார்கள். தே-வ-ச-கா-யம். ஜெ-ப-ராஜ். நாக்கு புரளாவிட்டாலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஒரு தப்பைத் திருத்த இவர்களுக்கு ஒரே வாரம் போதுமானதாக இருந்தது.

5

இந்தக் குறிப்பு முழுவதும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று எழுதியிருப்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு எழுத வேறு சொல் இல்லை.

தப்பியோடியவன் எங்கள் கரைக்கு வரவே இல்லையாம். வடக்கே எங்கேயோ பிடித்துவிட்டார்கள். இதை நான் தெரிந்துகொண்டது எமர்ஜென்சி முடிந்த பிறகு, அந்த ஏரல் ஏட்டைத் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தபோது. அண்ணாச்சியைப் பத்து மாதம் உள்ளே வைத்திருந்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள் என்றார். "ஒரு காலு மடங்காது. தேரியில நடக்க முடியாது, வீட்டோடதான் கெடக்காரு" என்றார். அவரிடமாவது பெயரைக் கேட்டிருக்கலாம். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

எனக்கு வெளிநாட்டு வேலை உறுதியான பிறகு, கிளம்புவதற்கு முந்தின வாரம் போனேன். தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். மனுஷனைப் பத்து மாதம் உள்ளே தள்ளிவிட்டு மக்ரூன் வாங்கிக்கொண்டு போனவன் நான். சாத்தான்குளத்தில் இறங்கி, ஜீப் நின்ற அந்த இடத்தைத் தாண்டி, இரண்டு மைல் நடந்தேன். இந்தத் தடவை வழி தவறவில்லை.

மதினி முற்றத்தில் கருவாட்டைக் கடகத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது அவள்தான் சுமக்கிறாள் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"என்ன?"

"அண்ணாச்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மதினி."

"எந்த அண்ணாச்சிய?"

அவள் கருவாட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்குக் கேக்காமப் போயிட்டேன் மதினி" என்றேன். "அவுக பேரு என்ன?"

அவள் எழுந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "அந்தப் பேரு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு மனுசன் பொழுதுக்குள்ள வீடு வந்து சேந்திருப்பான். இப்பத் தெரிஞ்சு என்ன செய்யப் போறிய? சோறு தின்னிய, படுத்து எந்திரிச்சிய. உங்க மூணு பேரு பேரையும் எங்கிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சாவ. திரும்பி வந்து ஒரு வார்த்த சொல்ல உங்களுக்குக் காலு வரல. சொல்லியிருந்தா நான் ஜீப்புக்குப் பின்னாலயே ஓடியிருப்பேன். எட்டு நாளு கழிச்சு எவரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

மக்ரூன் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது உள்ளே இருந்து குரல் வந்தது. அதே குரல்தான், கொஞ்சம் இளைத்திருந்தது.

"ஏளா, யாரு அது?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி, நான்தான், நாசரேத்து ஜெபராஜ் என்று சொன்னால் போதும். என் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லி அவர் உள்ளே கூப்பிட்டிருப்பார். கூப்பிடுவார் என்று தெரிந்ததால்தான் எனக்கு நாக்கு எழவில்லை. அவள் எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

"ஆருமில்ல" என்றாள் உள்ளே பார்த்து. "வழி தெரியாம வந்தவுக."

"அப்படியா? வெயிலு கொளுத்துது, முதல்ல தண்ணி குடுளா. பொறவு வழியச் சொல்லி விடு."

அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் திண்ணையில் வைத்தாள். எடுத்துக் குடித்தேன். குடித்துவிட்டு, என் பெயரைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.